கரீபா அணை: சரிபாதி ஒதுக்கீடு இருந்தும் 2022-ல் பங்கு மீறியது எப்படி?

அணைக்கணக்கு:
ஜாம்பேசி ஆற்றின் கரீபா அணை ஜாம்பியா, ஜிம்பாப்வே இரண்டுக்கும் பொதுச்சொத்து. 1987-ல் உருவான ஜாம்பேசி ஆற்று ஆணையம்தான் ஆண்டுதோறும் தண்ணீரைச் சரிபாதியாகப் பிரித்துக் கொடுக்கிறது. ஆனாலும் 2022 நவம்பரில் ஜிம்பாப்வேயின் தென்கரை மின்நிலையத்தை நிறுத்தச் சொல்ல வேண்டி வந்தது. எழுத்தில் இருந்த பங்கு எப்படி மீறிப் போனது? கீழே மொசாம்பிக்கில் இருக்கும் கஹோரா பாசா அணைக்காக மதகுத் திறப்பை யார் ஒருங்கிணைக்கிறார்கள்?

சுழலி:
மெகாவாட்டை விட்டுவிட்டு கனமீட்டரில் பாருங்க. 2022-ன் மொத்த ஒதுக்கீடு 4,500 கோடி கனமீட்டர், அதாவது சுமார் 1,590 டிஎம்சி. ஆளுக்கு 2,250 கோடி. வருஷம் முழுக்கப் பரப்பினால் வினாடிக்கு 713 கனமீட்டர் வரும். நீர் விழும் உயரம் 90 மீட்டர், இயந்திரத் திறன் 90 சதவீதம் என்று வைத்தால் சராசரியாக 560 மெகாவாட் சொச்சம்தான் எடுக்க முடியும். தென்கரையின் நிறுவுதிறனோ 1,050 மெகாவாட். முழுசாக ஓட்டினால் ஆறரை மாதத்தில் பங்கு காலி.

2018-ல் தென்கரையில் சேர்த்த இரண்டு 150 மெகாவாட் இயந்திரங்கள் ஏரிக்கு ஒரு சொட்டுத் தண்ணீரும் கொண்டுவரவில்லை. மாலை உச்சநேரத்துக்கு அவை சரி. நிலக்கரி நிலையங்கள் படுத்துவிட்டால் அவற்றையே நாள் முழுக்க ஓட்டும் நெருக்கடி வருகிறது. 2022 நவம்பர் முடிவதற்குள் ஜிம்பாப்வே 2,250 கோடியைத் தாண்டிவிட்டது. பயன்படுத்தக்கூடிய இருப்பு 5 சதவீதத்துக்கும் கீழே போயிருந்தது.

அளவுகோல்:
மேலே சொன்னது சரி, ஆனால் அளப்பதிலேயே ஒரு சிக்கல் உண்டு. மின் உற்பத்திக்கான நீர்மட்டம் 475.50 முதல் 488.50 மீட்டர் வரை. வெறும் 13 மீட்டர். ஏரி நிறைந்திருக்கும்போது பரப்பு 5,000 சதுர கிலோமீட்டருக்கு மேல், அதனால் ஒரு சென்டிமீட்டர் என்பது ஐந்து கோடி கனமீட்டருக்கும் அதிகம். தென்கரை முழு வேகத்தில் ஒரு நாள் ஓடினாலும் மட்டம் இரண்டு சென்டிமீட்டர்தான் இறங்கும். இருநூறு கிலோமீட்டருக்கு மேல் நீண்ட ஏரியில் காற்று தள்ளினாலே அவ்வளவு வித்தியாசம் வந்துவிடும். நேற்றைய மட்டத்திலிருந்து இன்றைய மட்டத்தைக் கழித்து யார் எவ்வளவு எடுத்தார் என்று சொல்லவே முடியாது. ஒவ்வொரு இயந்திரத்தின் நீரோட்டத்தையும் தனியாகப் பதிந்து, வாராவாரம் இரு கரைக் கணக்கையும் எதிரெதிரே வைத்துச் சரிபார்க்க வேண்டும்.

இன்னொன்று, ஒதுக்கீடே ஒரு கணிப்புதான். அருகிலுள்ள துணையாறுகளின் வரத்து டிசம்பர் முதல் மார்ச் வரை. மேல்படுகை வெள்ளம் மேற்கு ஜாம்பியாவின் பரோட்சே சமவெளியில் தேங்கித் தேங்கி விக்டோரியா அருவிக்கு வரவே ஏப்ரல் ஆகும். அதற்கு முன் போட்ட எண்ணை வறட்சி வந்தால் திருத்தித்தான் ஆக வேண்டும். 2024-ல் 3,000 கோடியை 1,600 கோடியாகக் குறைத்தார்கள்.

கீழ்மடை:
இரண்டாம் கேள்விக்கு: ஜாம்பேசி ஆற்று ஆணையம் இரு நாடுகளுடையது, மொசாம்பிக் அதில் இல்லை. படுகையின் எட்டு நாடுகளும் உட்காரும் ஜாம்பேசி நீர்வழி ஆணையத்தின் ஒப்பந்தம் 2004-ல் கையெழுத்தாகி 2011-ல் அமலுக்கு வந்தது. அதனிடம் மதகு ஒன்றும் இல்லை. தகவல் பரிமாற்றம், கூட்டுத் திட்டம், அவ்வளவுதான்.

சிக்கல் வருவது பிப்ரவரியில். ஏப்ரல் வெள்ளத்துக்கு இடம்விட கரீபா தண்ணீரைத் திறக்கும் அதே சமயம், பெரிய அணை எதுவும் இல்லாத லுவாங்வா ஆறும் பெருகி கஹோரா பாசாவின் தலைமாட்டில் சேரும். இரண்டும் ஒரே வாரத்தில் போனால் கீழே மதகு திறப்பதைத் தவிர வழியில்லை. லுவாங்வா உச்சம் கடக்கும்வரை கரீபா ஒரு மதகோடு நிற்கலாம், அல்லது முன்கூட்டியே சிறுகச் சிறுக விடலாம். கரீபாவின் ஆறு மதகுகளையும் நினைத்தபடி திறக்கவும் முடியாது. அணையடியில் பாறையை அரித்து 80 மீட்டர் ஆழக் குழி விழுந்ததால்தான் 2017-ல் சீரமைப்பைத் தொடங்கினார்கள்.

அணைக்கணக்கு:
ஆண்டுப் பங்கை மாதப் பங்காக உடைத்தால் சரியாகிவிடுமா?

சுழலி:
பாதி சரியாகும். மாத வரம்பை மீறினால் அடுத்த மாதமே தானாகக் கழியணும். கடிதம் எழுதி நவம்பரில் நிறுத்துவது பயனில்லை. கூடவே, எதிர்க்கரையிடமிருந்து மின்சாரமாக வாங்கிக்கொள்ளும் வழியும் வேண்டும். அது இல்லாமல் இருளில் கிடக்கும் ஊருக்கு வரம்பைக் காட்டினால் யாரும் மதிக்க மாட்டார்கள்.