கிட்லேப்: டெஸ்ட் ஃபெயில் ஆனாலும் பைப்லைன் பச்சை, மெர்ஜும் ஆகிவிடுகிறது. உதவி தேவை

கேள்வி:
சொந்த சர்வரில் கிட்லேப் (கோடைச் சேமித்து டெஸ்டும் ஓட்டும் தளம்) இலவசப் பதிப்பு. கோட், இஷ்யூ (பிழை, வேலைப் பதிவு), டெஸ்ட் மூன்றும் அதிலேயே. பைப்லைனில் (தானாக ஓடும் ஜாப்களின் வரிசை) டெஸ்ட் ஜாபின் லாகில் "3 ஃபெயில்டு" என்று வருகிறது, ஆனால் ஜாப் பச்சைதான். மெர்ஜ் ஆன (ஒரு பிராஞ்சின் மாற்றம் இன்னொன்றில் சேர்ந்த) பிறகு இஷ்யூக்களும் தானாக மூடுவதில்லை. ஸ்கிரிப்ட் வரி இது:
பைடெஸ்ட் --ஜேயூனிட்எக்ஸ்எம்எல்=ரிப்போர்ட்.எக்ஸ்எம்எல் || ட்ரூ

பதில் 1:
அந்த "|| ட்ரூ"தான் காரணம். கிட்லேப் லாகைப் படிப்பதில்லை, எக்ஸிட் கோடை (கட்டளை முடியும்போது தரும் எண், 0 என்றால் வெற்றி) மட்டுமே பார்க்கும். டெஸ்ட் ஃபெயில் ஆனால் பைடெஸ்ட் (பைத்தான் டெஸ்ட் கருவி) 1 தரும். நீங்கள் அதை 0 ஆக்கிவிடுகிறீர்கள்.

ஜாப் சிவப்பானால் ரிப்போர்ட் ஏறாது என்று நினைத்துத்தான் பலர் இதைச் சேர்க்கிறார்கள். தேவையே இல்லை. ஆர்ட்டிஃபாக்ட்ஸ் (ஜாப் சேமித்துவைக்கும் கோப்புகள்), அதற்குள் ரிப்போர்ட்ஸ், அதற்குள் ஜேயூனிட் என்று யாம்ல் கோப்பில் (ஜாப்களை எழுதும் அமைப்புக் கோப்பு) கொடுத்தால் ஜாப் ஃபெயில் ஆனாலும் ஏறும். ஸ்கிரீன்ஷாட் போன்றவற்றைப் பாத்ஸில் கொடுத்திருந்தால் மட்டும் "வென்: ஆல்வேஸ்" வேண்டும்.

அதே ஜாபில் "அலோ_ஃபெயிலியர்: ட்ரூ" (ஜாப் ஃபெயில் ஆனாலும் பைப்லைன் ஃபெயில் ஆகாது) இருக்கிறதா என்றும் பாருங்கள். ரூல்ஸுக்கு (ஜாப் எப்போது ஓட வேண்டும் என்ற விதிகள்) வெளியே "வென்: மேனுவல்" (கையால் இயக்குவது) போட்ட ஜாபுக்கு அது எழுதாமலே ட்ரூதான். இது பலர் கண்ணில் படுவதில்லை.

கேட்டவர்:
எடுத்துவிட்டேன், இப்போது சிவப்பு. ஆனால் மெர்ஜ் பட்டன் இன்னும் வேலை செய்கிறதே?

பதில் 2:
செட்டிங்ஸ் > மெர்ஜ் ரிக்வெஸ்ட்ஸ் போய் "பைப்லைன்ஸ் மஸ்ட் சக்சீட்" டிக் செய்யுங்கள். கீழே உள்ள "ஸ்கிப்டு பைப்லைன்ஸ்" டிக் வேண்டாம். போட்டால் கமிட் மெசேஜில் [ஸ்கிப் சிஐ] எழுதியே டெஸ்டைத் தாண்டிவிடலாம்.

ஒரு எச்சரிக்கை: இதை இயக்கியபின் பைப்லைனே ஓடாத மெர்ஜ் ரிக்வெஸ்டும் (மெர்ஜ் செய்யக் கேட்கும் கோரிக்கை) நின்றுவிடும். ரூல்ஸில் "சேஞ்சஸ்" வைத்து டாக்குமெண்ட் மாற்றங்களுக்கு எல்லா ஜாபையும் விலக்கியிருந்தால் அங்கேதான் மாட்டும். எப்போதும் ஓடுகிற சின்ன லின்ட் (கோட் நடையைச் சரிபார்க்கும்) ஜாப் ஒன்றை வையுங்கள்.

இஷ்யூ மூட, மெர்ஜ் ரிக்வெஸ்டின் விவரத்தில் "குளோசஸ் #45" என்று இருக்க வேண்டும், மெர்ஜ் டிஃபால்ட் பிராஞ்சுக்குள் (புராஜெக்டின் முக்கியக் கிளை) போக வேண்டும். டிஃபால்ட் மெயினாக இருந்து, நீங்கள் டெவலப்புக்குள் மெர்ஜ் செய்தால் மூடாது.

பதில் 1:
மெர்ஜ் மெத்தடை "ஃபாஸ்ட்-ஃபார்வர்டு" ஆக்குவதும் நல்லது. தனித்தனியாகப் பச்சையான இரண்டு பிராஞ்சுகள் சேர்ந்ததும் மெயின் உடைவது சகஜம். இந்த மெத்தடில் பின்தங்கிய பிராஞ்சை ரீபேஸ் (மெயினின் புதிய கோட் மேல் மாற்றங்களை மீண்டும் வைப்பது) செய்தே ஆக வேண்டும், டெஸ்டும் புதிய கோட் மேல் மறுபடி ஓடும்.