ஒன்பது நாள் குழந்தை: காம்பில் வெடிப்பு, எடை ஏறவில்லை, ராத்திரியில் பால்மா. எங்கிருந்து சரிசெய்வது?

பனித்துளி:
தங்கச்சிக்கு முதல் பிரசவம், சிசேரியன். தலவாக்கலைப் பக்கம் தோட்டத்தில், லயத்து வீட்டில் மாமியாரோடு இருக்கிறாள். குழந்தைக்கு இன்று ஒன்பதாம் நாள். பிறந்த எடை 2.85 கிலோ. நாலாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது 2.62. இன்று மிட்வைஃப் அம்மா வந்து நிறுத்தபோது 2.68. ஒரு நாளைக்கு நாலு தடவைதான் மூத்திரம் போகுது, மலம் இன்னும் பச்சையாக இருக்கு. மாரில் போட்டால் 40, 50 நிமிஷம் வாயில் வைத்தபடி தூங்கிவிடுகிறான்.

இடது காம்பில் குறுக்காக வெடிப்பு. வாயை எடுத்த கொஞ்ச நேரத்தில் காம்பு வெள்ளையாகி, பிறகு நீலம் பூத்து, ஊசி குத்துகிற மாதிரி வலிக்குதாம். ராத்திரியில்தான் அதிகம். "உனக்குப் பால் பத்தல" என்று மாமி ராத்திரிக்கு இரண்டு தடவை போத்தலில் பால்மா கொடுக்கிறார். பத்தியம் என்று தண்ணியும் அளந்துதான் தருகிறார்கள். எதை முதலில் பிடிப்பது?

குடும்பநலம்:
நாலு நாளில் 230 கிராம் இறங்கியது பிறந்த எடையில் 8 வீதம். 10 வீதத்துக்குள் இருப்பதால் அந்த இறக்கத்தை மட்டும் வைத்துப் பயப்படத் தேவையில்லை. கவலை அதற்குப் பிறகு வந்த ஐந்து நாளில்தான் இருக்கு. பால் இறங்கினபிறகு நாளுக்கு 20 முதல் 30 கிராம் ஏறணும், இங்கே மொத்தமே 60. ஐந்தாம் நாள் தாண்டினால் 24 மணித்தியாலத்தில் ஆறு தடவையாவது நன்றாக நனைக்கணும், மலம் மஞ்சளாகியிருக்கணும். ஆக, வயிற்றுக்குப் போகிற பால் குறைவு. அதை வைத்து மாரில் பால் இல்லை என்று முடிவுகட்டக் கூடாது. காம்பில் குறுக்கு வெடிப்பு, முக்கால் மணித்தியாலம் சப்பியும் பசி தீராத பிள்ளை, இந்த இரண்டும் சேர்ந்தால் பிள்ளை காம்பு நுனியை மட்டும் பிடித்திருக்கு என்றுதான் முதலில் பார்ப்போம். நுனியைச் சப்பினால் பால் சரியாக வராது, காம்புதான் புண்ணாகும். வெளியே எடுக்காத பால் மெல்ல மெல்லச் சுரப்பதும் குறையும்.

மலைநாட்டு வீடுகளில் வாய் சரியாகப் பிடிக்காததற்கு ஒரு காரணம் அடிக்கடி கண்ணில் படும்: உடுப்பு. பிள்ளைக்கு ஸ்வெட்டர், தொப்பி, அதற்கு மேல் இரண்டு சுற்றுத் துணி. தாய்க்கும் கம்பளிச் சட்டை. நடுவில் பிள்ளையின் இரண்டு கையும் மடங்கிக் கிடக்கும். நாடி (முகவாய்) மாரைத் தொடவே முடியாது. சுற்றினதை அவிழ்த்துவிட்டு, நாப்கினோடும் தொப்பியோடும் தாயின் நெஞ்சில் தோலோடு தோலாகப் போடச் சொல்லுங்க. போர்வையை இரண்டு பேரின் முதுகுப் பக்கமாகப் போடுங்க, பிள்ளையின் முகம் வெளியே தெரியணும். தாயின் உடம்புச் சூடே போதும்.

இனி பிடி. தையல் வலிக்கும் என்பதால் மடியில் கிடத்த வேண்டாம். பிள்ளையைக் கக்கத்துப் பக்கமாக, கால் பின்னால் போகிற மாதிரி தலையணைமேல் வையுங்க. இல்லாவிட்டால் ஒருக்களித்துப் படுத்துக் கொடுக்கலாம். காது, தோள், இடுப்பு ஒரே கோட்டில், உடம்பு முழுக்கத் தாய் பக்கம் திரும்பியிருக்கணும். மூக்கு காம்புக்கு நேரே வரட்டும். காம்பால் மேலுதட்டைத் தடவிவிட்டுக் காத்திருங்க. கொட்டாவி விடுகிற அளவுக்கு வாய் திறந்த நொடியில், நாடி முதலில் படும்படி பிள்ளையை மாருக்குக் கொண்டுவாங்க. மாரைக் குனிந்து வாய்க்குள் திணிப்பதுதான் முதுகுவலிக்கும் நுனிப்பிடிக்கும் வழி. பின்தலையைப் பிடித்து அமுக்கவும் கூடாது, பிள்ளை தலையைப் பின்னால் தள்ளும். உள்ளங்கை தோள்பட்டைக்கு நடுவில், விரல்கள் கழுத்தடியில் இருந்தால் போதும்.

சரியாகப் பிடித்தால் கீழுதடு வெளியே மடிந்திருக்கும், கன்னம் குழி விழாது, காம்பைச் சுற்றியுள்ள கரிய பகுதி கீழ்ப்பக்கத்தைவிட மேல்பக்கம் அதிகம் தெரியும். முதலில் வேகமாகச் சப்பி, பால் இறங்கினதும் மெதுவாகி, ஒன்றிரண்டு சப்பலுக்கு ஒரு விழுங்கல் காதில் கேட்கணும். "டக் டக்" என்று சத்தம் வந்தால் பிடி விட்டுப்போகுது. முதல் அரை நிமிஷம் தாண்டியும் வலித்தால் பொறுத்துக்கொள்ள வேண்டாம். சுண்டுவிரலை வாயோரமாக விட்டு உறிஞ்சலை உடைத்து, எடுத்து, மறுபடி போடுங்க. வாயை எடுத்ததும் காம்பைப் பாருங்க. உருண்டையாக இருக்கணும். ஒரு பக்கம் நசுங்கிச் சரிந்திருந்தால் பிடி இன்னும் சரியில்லை.

தூங்கிப்போனால் நேரத்தைப் பார்க்காதீங்க, விழுங்கலைப் பாருங்க. விழுங்கல் நின்றதும் மாரைக் கையால் முழுசாகப் பற்றி மெதுவாக அமுக்கிப் பிடித்தால் பால் பாயும், பிள்ளை மறுபடி விழுங்கும். அதுவும் நின்றால் அடுத்த மார். 24 மணித்தியாலத்தில் 8 முதல் 12 தடவை. இந்த எடையில் மூன்று மணித்தியாலத்துக்கு மேல் தூங்க விடக் கூடாது. நாக்கை நீட்டும்போது நுனி நடுவில் பிளந்த மாதிரி இழுபட்டால் நாக்கடிச் சவ்வையும் டொக்டரிடம் காட்டுங்க.

நுவரெலியா_தாதி:
மேலே சொன்ன பிடி சரியானால் வெடிப்பு சில நாளில் ஆறும். கொடுத்து முடிந்ததும் இரண்டு சொட்டுப் பாலைத் தடவிக் காயவிடலாம், லனோலின் களிம்பு கிடைத்தால் மெல்லிசாகப் பூசலாம். சவர்க்காரம் வேண்டாம்.

வெள்ளையாகி நீலமாவது வேறு சங்கதி. காம்பிலுள்ள இரத்தக் குழாய்கள் சுருங்கிக்கொள்வது அது. குளிர் ஒரு காரணம், பிள்ளை நுனியை நசுக்குவது இன்னொரு காரணம். தங்கச்சிக்கு இரண்டுமே இருக்கு. வாயை எடுத்ததும் ஈரக்காம்பில் குளிர்காற்றுப் பட்டால் உடனே வெளுக்கும். அதனால் எடுத்த கையோடு உள்ளங்கையால் மூடணும், பிறகு அடுப்பங்கரையில் சூடேற்றின உலர்ந்த துணி, அதற்கு மேல் கம்பளி. பால் ஊறி நனைந்த துணியை உடனே மாற்றணும். ஜன்னலோரக் கட்டிலை உள்பக்கம் நகர்த்துங்க. சாயம் கூடின தேத்தண்ணியையும் குறைக்கலாம், சிலருக்கு அது சுருக்கத்தைக் கூட்டும்.

பலர் இதைப் பூஞ்சணம் என்று நினைத்துக் களிம்பு பூசிக்கொண்டிருப்பார்கள். பூஞ்சணத்தில் நிறம் இப்படி வெள்ளை, நீலம், சிவப்பு என்று மாறாது. பிள்ளையின் வாயில் துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு இருந்தால் அதைச் சந்தேகிக்கலாம். அதற்குத் தேன் தடவுகிற பழக்கம் வேண்டவே வேண்டாம், ஒரு வயதுக்குள் தேன் ஆபத்து. பிடியும் சூடும் சரியாகி ஒரு வாரத்திலும் வலி விடாவிட்டால் டொக்டரிடம் போங்க, நிஃபெடிபின் என்ற மாத்திரை கொடுப்பதுண்டு.

இன்னொன்று. குளிருக்கு என்று தணல் சட்டியை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தாதீங்க. அந்தப் புகையில்லாத நச்சுவாயு தாயையும் பிள்ளையையும் தூக்கத்திலேயே கொன்றுவிடும்.

பண்டாரவளை_வாசகி:
இடையில் ஒரு கேள்வி. மார் கல்லு மாதிரி கட்டிக்கொண்டால் கோவா (முட்டைக்கோஸ்) இலை வைக்கலாமா? கூடவே காய்ச்சல் வந்தால்?

ஊவா_வைத்தியம்:
வைக்கலாம். குளிரான இலை வீக்கத்துக்கும் வலிக்கும் ஆறுதல் தரும், குளிர்ந்த ஈரத்துணியும் அதே வேலையைச் செய்யும். நம்ம பக்கத்துக் கோவாவுக்கு மருந்தடிப்பது அதிகம், வெளி இலைகளைக் கழித்துவிட்டு உள் இலையை நன்றாகக் கழுவுங்க. நடு நரம்பைத் தட்டிவிட்டு, காம்பில் படாமல் 20 நிமிஷம். முதலில் கேள்வி கேட்ட அக்காவின் தங்கச்சி மாதிரி காம்பு வெளுக்கிறவர்களுக்கு இந்தக் குளிர் வைத்தியம் கூடாது.

கல்லாகிவிட்ட மாரில் பிள்ளையால் பிடிக்க முடியாது. கொடுப்பதற்கு முன் காம்பைச் சுற்றி நாலு விரலை வட்டமாக வைத்து, நெஞ்சுப் பக்கமாக ஒரு நிமிஷம் அமுக்கிப் பிடியுங்க. அந்த இடம் இளகும். கொஞ்சம் பீச்சிவிட்டுக் கொடுங்க.

ஒரு இடம் சிவந்து, சுட்டு, 38.5 பாகைக்கு மேல் காய்ச்சலும் நடுக்கமும் வந்தால் அது மார் அழற்சி. பால் கொடுப்பதை நிறுத்தாதீங்க, அந்தப் பால் பிள்ளைக்குக் கெடுதல் இல்லை. நிறுத்தினால் கட்டு கூடி சீழ் வைக்கலாம். கட்டியைப் போட்டு அழுத்தித் தேய்ப்பதும், "ஒட்டக் கறக்கணும்" என்று அளவுக்கு மேல் பீச்சுவதும் வீக்கத்தைக் கூட்டும். வழக்கமான அளவுக்குக் கொடுங்க. பரசிட்டமோல் 500 மில்லிகிராம் இரண்டு, ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, நாளுக்கு எட்டு மாத்திரைக்கு மேல் போகக் கூடாது. டெங்கு இல்லை என்று தெரியும்வரை இபுப்ரோஃபென் போட வேண்டாம். 24 மணித்தியாலத்தில் குறையாவிட்டால் ஆஸ்பத்திரி. பாலூட்டும்போது எடுக்கக்கூடிய நுண்ணுயிர்க்கொல்லி மருந்து தருவார்கள். சிசேரியன் ஆனவர்களுக்கு எந்தக் காய்ச்சல் வந்தாலும் தையல், மூத்திரம் இரண்டையும் சேர்த்துப் பார்க்கணும், மாரிலேயே காரணம் என்று விட்டுவிடக் கூடாது.

பனித்துளி:
எல்லோருக்கும் ரொம்ப நன்றி. பால்மாவை இன்று ராத்திரியே நிறுத்தச் சொல்லவா? மாமி ஒத்துக்கொள்வாரா தெரியவில்லை. பம்பும் இல்லை.

குடும்பநலம்:
ஒரே ராத்திரியில் நிறுத்தச் சொல்லாதீங்க. எடை ஏறாத பிள்ளைக்கு முதல் தேவை வயிற்றுக்குப் பால். மாமி பிள்ளை அழுவதைப் பார்த்துத்தான் கொடுக்கிறார், அவர் கவலையில் நியாயம் இருக்கு. அவரையே வேலைக்குச் சேர்த்துக்கொள்ளுங்க: தங்கச்சி மாரில் கொடுத்து முடித்துப் பீச்சுகிற நேரம், பீச்சின பாலைக் கோப்பையால் ஊட்டுவது மாமியின் வேலையாக இருக்கட்டும்.

பம்பு வேண்டாம், கையே போதும். கையைக் கழுவி, வாயகன்ற சுத்தமான கோப்பையை வைத்துக்கொள்ளுங்க. பெருவிரலும் ஆட்காட்டி விரலும் காம்பிலிருந்து மூன்று சென்ரிமீட்டர் தள்ளி, எதிரெதிராக. முதலில் நெஞ்சுப் பக்கம் அமுக்கி, பிறகு விரல்களை ஒன்றையொன்று பார்க்க அழுத்தி, விடுங்க. காம்பை இழுக்கவோ தோலில் வழுக்கவோ கூடாது. ஒரு பக்கம் மூன்று முதல் ஐந்து நிமிஷம், பிறகு மறுபக்கம், மாறி மாறி 20 நிமிஷம். முதலில் சில சொட்டுத்தான் வரும், அதைப் பார்த்து மனம்விட வேண்டாம். ஒவ்வொரு தடவை கொடுத்தபின்னும், ராத்திரியிலும் ஒரு தடவையாவது செய்யணும். பால் சுரக்க வைக்கிற ஹோர்மோன் ராத்திரியில்தான் கூட. மாமி ராத்திரி பால்மா கொடுத்து, தாய் தூங்கினால் நஷ்டமாவது அந்த நேரம்தான்.

இந்த எடைக்கு ஒரு நாளைய முழுத்தேவை ஏறக்குறைய 400 மில்லிலீற்றர், எட்டு வேளைக்குப் பிரித்தால் வேளைக்கு 50. மாரில் குடித்த பிறகு மேலதிகமாக 20 முதல் 30 போதும். முதலில் பீச்சின பால், குறைகிறதற்கு மட்டும் பால்மா. மிட்வைஃப் அம்மாவோடும் டொக்டரோடும் பேசி இந்த அளவை உறுதிப்படுத்துங்க. போத்தலுக்குப் பதில் சின்னக் கோப்பை: பிள்ளையை நிமிர்த்தி மடியில் வைத்து, விளிம்பைக் கீழுதட்டில் தொடவிட்டுச் சாய்த்தால் தானே நக்கிக் குடிக்கும். வாய்க்குள் ஊற்றக் கூடாது. பீச்சின பால் அறைவெப்பத்தில் நாலு மணித்தியாலம், குளிர்சாதனப் பெட்டியில் நாலு நாள் இருக்கும். சுடுதண்ணிக் கிண்ணத்தில் வைத்து வெதுவெதுப்பாக்குங்க, அடுப்பில் காய்ச்ச வேண்டாம்.

பால்மா கலப்பதானால் டின்னில் எழுதியிருக்கிற அளவு, ஒரு கரண்டிகூடக் கூட்டிக் குறைக்காமல். மிச்சம்பிடிக்கத் தண்ணியாகக் கரைப்பதுதான் எடை ஏறாததற்கு இன்னொரு காரணமாக இருக்கலாம், அதை மாமியிடம் மெதுவாகக் கேட்டுப் பாருங்க. தண்ணி கொதித்த அரை மணித்தியாலத்துக்குள், 70 பாகைக்குக் குறையுமுன் மாவைப் போடணும். நுவரெலியா உயரத்தில் தண்ணி 94 பாகையிலேயே கொதித்துவிடும், லயத்துக் குளிரில் சீக்கிரம் ஆறியும் போகும். பெரியவர்கள் தேத்தண்ணிக்குப் போடுகிற பால்மா கைக்குழந்தைக்கு ஆகாது. சீனித்தண்ணி, கொத்தமல்லித்தண்ணி, கிரைப் வாட்டர் எதுவும் வேண்டாம். அவை வயிற்றை நிரப்பும், எடை தராது.

நுவரெலியா_தாதி:
பத்தியத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. பூண்டு, முருங்கைக்கீரை, கருவாடு, சரக்குக் குழம்பு எல்லாம் நல்ல சாப்பாடு, விட வேண்டாம். தண்ணியை அளப்பதை மட்டும் விடச் சொல்லுங்க, ஒவ்வொரு தடவை பால் கொடுக்கும்போதும் பக்கத்தில் ஒரு கோப்பை வெந்நீர் இருக்கட்டும். கிளினிக்கில் தருகிற திரிபோஷ சத்துமா தாய்க்குத்தான், வீட்டில் எல்லோருக்கும் பங்கு போட அல்ல. பால் சுரக்க என்று மருந்துக் கடையில் டொம்பெரிடோன் கேட்டு வாங்காதீங்க, இதயத் துடிப்பைக் குழப்பக்கூடிய மருந்து அது.

பிள்ளை பாலுக்கு எழும்பாமல் துவண்டு கிடந்தால், உள்ளங்கை உள்ளங்கால்வரை மஞ்சளாக இருந்தால், சுற்றியிருந்தும் உடம்பு சில்லிட்டால், 38 பாகை காய்ச்சல் வந்தால், மூச்சு நிமிஷத்துக்கு 60ஐத் தாண்டினால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம், அம்புலன்ஸுக்கு 1990 அடியுங்க. மஞ்சளுக்கு வெயிலில் காட்டிக்கொண்டிருப்பது வைத்தியமாகாது.

குடும்பநலம்:
எடையை இரண்டு மூன்று நாளில் மறுபடி பார்க்கச் சொல்லுங்க, மாதக் கிளினிக்வரை விட வேண்டாம். அதே தராசு, உடுப்பில்லாமல், பால் கொடுக்குமுன். குளிர் என்று ஸ்வெட்டரோடு நிறுத்தால் 100 கிராம் பொய்யாகக் காட்டும், அது ஒரு பிள்ளை ஏறவேண்டிய நாலு நாள் வளர்ச்சி. அந்த மூன்று நாளும் எத்தனை தடவை குடித்தான், எத்தனை தடவை நனைத்தான், மேலதிகமாக எவ்வளவு போனது என்று ஒரு கொப்பியில் மாமியை எழுதச் சொல்லுங்க. நாளுக்கு 20 கிராமுக்கு மேல் ஏறினால் பால்மாவை வேளைக்கு 10 மில்லிலீற்றர் வீதம் குறைத்துக்கொண்டே வரலாம். ஏறாவிட்டால் அந்தக் கொப்பியோடு பிள்ளைநோய் டொக்டரிடம் போங்க. பெரிய ஆஸ்பத்திரிகளில் தாய்ப்பாலூட்டல் முகாமைத்துவ நிலையம் இருக்கும், அங்கே தாதி பக்கத்தில் உட்கார்ந்து ஒரு முழு வேளை பிள்ளை குடிப்பதைப் பார்ப்பார்.