கருப்பன் துணை (குடும்ப குரூப்)

முருகேசன்: எல்லாருக்கும் வணக்கம். வர்ற ஞாயிறு யாழினிக்குக் காதுகுத்து. நம்ம கருப்பன் கோயில்ல. கிடா ரெண்டு. வரி இன்னும் மூணு வீடு பாக்கி.

பாண்டியம்மா: நான் போன வாரமே குடுத்துட்டேன்

முருகேசன்: உன்னையச் சொல்லல

பாண்டியம்மா: சொன்ன மாதிரிதான் இருந்துச்சு

கார்த்தி: வேன் எத்தன மணிக்கு?

செல்வி: அப்பா, ரெண்டாவது கிடா எது?

ராமர்: மணிதான். நேந்து விட்டதுதான?

செல்வி: இனியன் நேத்துல இருந்து சரியா சாப்பிடல. புட்டிப்பால் குடுத்து வளத்தது அவன்

பாண்டியம்மா: பிள்ளைகிட்ட யாரு சொன்னது?

கயல்: சித்தப்பா, மணிய விட்டுருங்க. இனியன் அழுறான்னு மட்டும் கேக்கல. ஆட்டுக்குப் பேச வருமா, யோசிக்க வருமான்னு பாக்காதீங்க, வலிக்குமான்னு பாருங்கன்னு பெந்தாம்னு ஒரு தத்துவ அறிஞர் 1789லயே எழுதிட்டாரு. நம்ம இனம் இல்லைன்னு அதோட வலியைக் கணக்குல சேக்காம விடுறது, நெறம் பாத்து மனுசனை ஒதுக்குற மாதிரிதான்னு 1975ல பீட்டர் சிங்கர்னு இன்னொரு தத்துவ அறிஞர் சொன்னாரு. அவங்களை மாதிரியே தத்துவம் எழுதுன டாம் ரீகன் 1983ல இன்னும் மேல போனாரு. மணி வாழுறது மணிக்காக. இனியன் குரல் கேட்டா ஓடி வருது, ஆள் மாறுனா மெரளுது. நம்ம வேண்டுதலுக்காக அதோட உசுரை நாம செலவழிக்கக் கூடாது.

ராமர்: இவங்கள்லாம் எந்த ஊருத்தா?

முருகேசன்: முழுசாப் படிச்சேன்மா. ஆனா மணி உத்தரவு குடுக்காம வெட்ட மாட்டோம்ல. தண்ணி தெளிச்சு, அது சிலுப்புனாத்தான் அருவாளையே எடுப்போம்

கயல்: ஈரம் பட்டா எந்த ஆடும் சிலுப்பும் சித்தப்பா. சிலுப்புற வரைக்கும் நாமளும் தெளிக்கிறோம். மாட்டேன்னு சொல்ல அதுக்கு என்ன வழி இருக்கு?

பாண்டியம்மா: 2003ல வெட்டாம வந்தோம். அந்த வருசம்தான் அப்பாவுக்குக் கால் போச்சு

சுப்பையா: அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல தங்கச்சி. 1950ல போட்ட உயிர்ப்பலித் தடைச் சட்டத்தை அந்த வருசம் கண்டிப்பா நடத்தச் சொன்னாங்க. நாம பொங்கல் வச்சுக் கும்பிட்டோம். 2004ல சட்டத்தையே ரத்து பண்ணிட்டாங்க. அப்பா விழுந்தது கெணத்து மேட்டுல.

பாண்டியம்மா: கெணத்தைப் பத்திப் பேச எனக்கும் நெறைய இருக்குண்ணே

முருகேசன்: கெணறு இப்ப வேணாம்

ராமர்: கயல், முட்டை சாப்பிடுவியா?

கயல்: விட்டுட்டேண்ணே

ராமர்: சரி. நான் நாமக்கல் பக்கம் பண்ணையில வேல பாத்தவன். முட்டைக்கோழிக்குக் கூண்டுல ஒரு ஏ4 தாள் அளவுகூட எடம் கெடையாது. நாம வாராவாரம் திங்கிற பிராய்லர் ஆறு வாரத்துல கறிக்குப் போயிருது, ஒரு நாள் மண்ணைக் கெளறியிருக்காது. மணி ரெண்டு வருசம் கம்மாக்கரை பூராம் மேஞ்சுச்சு. கோயில்ல வெட்டுனா மட்டும்தான் பாவமா?

கயல்: நீங்க சொல்றது ரொம்ப சரிண்ணே. கோழிக்கு நடக்குறது இதைவிடக் கொடுமை. தெனமும் நடக்குது, யாரும் பாக்குறதில்ல. அதையும்தான் நிறுத்தணும். ஆனா அது நடக்குதுங்கிறதால மணிய வெட்டலாம்னு ஆயிடாதே

சுப்பையா: திங்கிறவன் இல்லைன்னா விக்கிறவன் இல்ல. குறள் 256. கடைக்காரன்தான வெட்டுனான்னு நாம ஒதுங்க முடியாது

பாண்டியம்மா: போன தீவாளிக்கு ஈரல் கேட்டது யாருண்ணே?

சுப்பையா: டாக்டர் சொன்னாரு

முருகேசன்: அண்ணே, 1960 மிருகவதைச் சட்டம் 28ஆம் பிரிவுலயே மதச் சடங்குக்கு வெட்டுனா குத்தமில்லன்னு இருக்காம். வக்கீல் தம்பி சொன்னாப்ல

கயல்: போலீஸ் பிடிக்காதுங்கிறதுதான் அதுக்கு அர்த்தம் சித்தப்பா. நாம செய்றது சரியான்னு சட்டத்துக்கிட்ட கேக்க முடியாது

பாண்டியம்மா: போன தடவ தொடைக்கறி யாரு வீட்டுக்குப் போச்சுன்னும் கேளுங்க

செல்வி: மணிய விட்டுட்டு சந்தையில வேற ஒண்ணு பிடிச்சுக்கலாமேப்பா

கயல்: அக்கா, அதுக்குப் பேர் வைக்கலைன்னா வலிக்காதா?

செல்வி: அப்ப இனியனுக்கு நான் என்ன சொல்ல?

ராமர்: மணியக் கோயிலுக்கே விட்டுறலாம்

முருகேசன்: ராத்திரியே எவனாவது பிடிச்சுட்டுப் போயிருவான்

ராமர்: அப்ப நம்ம வீட்டுலயே நிக்கட்டும். தாய்மாமன் சீருல வர்ற கிடா ஒண்ணு போதும். சபையில நான் பேசிக்கிறேன்

கயல்: ராமரண்ணே, அந்தக் கிடாயும் வேணாம்ணே. பொங்கல் வைக்கலாம்

ராமர்: தாய்மாமன் வெறுங்கையோட வந்து நிக்கவா?

முருகேசன்: பூசாரி போன எடுக்கல. காலையில நேர்ல போய்க் கேக்குறேன். அவர் சம்மதிக்கணும்

கார்த்தி: வேன்?

பாண்டியம்மா: மசாலா எத்தன கிடாக்கு அரைக்க?

முருகேசன்: இப்போதைக்கு ஒண்ணுக்கு அரை