அப்பாவின் விலையில்லா மடிக்கணினியில் லினக்ஸ் போட்டால் பாமினி வருமா?

தாமிரபரணி_மகள்

வணக்கம். தம்பி பிளஸ் டூ படிக்கும்போது அரசு கொடுத்த லேப்டாப், மூடியில் அரசு முத்திரையோடு, இன்னும் வீட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது. 2 ஜிபி ராம், விண்டோஸ் 7. தம்பி வேலைக்குப் போன பிறகு அது அப்பாவின் கைக்கு வந்துவிட்டது. அவருக்கு வயது 71, தமிழ் டைப்ரைட்டிங் ஹையர் முடித்தவர், எங்கள் தெருவில் யாருக்கு மனு எழுத வேண்டுமென்றாலும் அவரிடம்தான் வருவார்கள். பத்து வருட மனுக்கள் பாமினி எழுத்துருவில் டி டிரைவில் கிடக்கின்றன. இப்போது குரோம் புதுப்பிக்க முடியவில்லை, வங்கித் தளத்தைத் திறந்தால் உலாவி பழையது என்று நிறுத்திவிடுகிறது. ஆன் செய்தால் அது தயாராவதற்குள் அம்மா காப்பியே போட்டுக் கொண்டுவந்துவிடுகிறார். கடையில் காட்டினேன், தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்குங்கள் என்றார்கள். அப்பாவுக்கு மனசு வரவில்லை, எனக்கும்தான்.

விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் இலவச இயங்குதளமான லினக்ஸில், மின்ட் என்ற பதிப்பு எளிது என்று அலுவலகத்தில் ஒருவர் சொன்னார். எனக்கு ஒன்றே ஒன்று தெரிய வேண்டும்: அப்பா உட்கார்ந்தால் இப்போது அடிப்பது போலவே தமிழ் அடிக்க வருமா? வராது என்றால் வேறு எந்த வசதி இருந்தாலும் பயனில்லை.

கோவை_பென்குயின்

தாராளமாக மாற்றலாம். மின்ட்டில் மூன்று வகை உண்டு, உங்களுக்கு எக்ஸ்எஃப்சிஇ, அதுதான் மூன்றிலும் லேசானது. மின்ட் 22க்கு 2029 வரை பாதுகாப்புப் புதுப்பிப்புகள் வரும். 2 ஜிபி என்பது அவர்கள் சொல்லும் குறைந்தபட்சம், வண்டி ஓடும், ஆனால் உலாவியில் நாலு டேப் திறந்தால் மூச்சு வாங்கும். பழைய டிடிஆர்3 ராம் ஒன்று கிடைத்தால் 4 ஆக்கிவிடுங்கள். அதைவிட முக்கியம், ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு ஒரு 240 ஜிபி எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத வேகமான சேமிப்பகம்) போடுங்கள். காப்பி போடும் நேரம் முழுக்க அந்தச் சுழலும் தட்டில்தான் போகிறது.

எஸ்எஸ்டி வாங்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. நம் ஊரில் சி டிரைவை மட்டும் ஃபார்மட் அடித்துப் பழகியவர்கள், டி டிரைவில் இருப்பது பத்திரம் என்றே நினைப்பார்கள். மின்ட் நிறுவும்போது "எரேஸ் டிஸ்க்" என்பதைத் தேர்ந்தெடுத்தால் சி, டி எல்லாம் சேர்ந்தே போய்விடும். என் பெரியப்பா வீட்டில் ஒரு கல்யாண ஆல்பமே இப்படிப் போனது, அதிலிருந்து நான் யாருக்கும் பழைய டிஸ்க்கின் மேல் நிறுவிக் கொடுப்பதில்லை. பழையதைக் கழற்றி அப்படியே அலமாரியில் வையுங்கள், தேவைப்பட்டால் யுஎஸ்பி கேஸில் போட்டுத் திறந்துகொள்ளலாம்.

வாங்குவதற்கு முன்னால் 8 ஜிபி பென் டிரைவில் மின்ட்டை எழுதி, அதிலிருந்தே லேப்டாப்பை ஆன் செய்து பாருங்கள் (எஃப்12, சிலவற்றில் எஃப்9). எதையும் நிறுவாமலே திரை, வைஃபை, ஒலி எல்லாம் பார்த்துவிடலாம். பென் டிரைவை வேறு கணினியில் எழுதுங்கள், ரூஃபஸ் மாதிரி கருவிகளின் புதிய பதிப்புகள் விண்டோஸ் 7இல் ஓடாது. வைஃபை வரவில்லை என்றால் போனை யுஎஸ்பியில் செருகி டெதரிங் போட்டு, டிரைவர் மேனேஜரைத் திறந்தால் பெரும்பாலும் அதுவே கண்டுபிடித்துத் தரும்.

எழுத்தாணி

மேலே உள்ளவர் தமிழைத் தொடவில்லை, அதைச் சொல்கிறேன். அப்பா பாமினி என்றால் பாதிக் கவலை தீர்ந்தது. பாமினிக்குத் தனி மென்பொருள் எதுவும் வேண்டாம், அது வெறும் எழுத்துரு, ஆங்கில விசைகளின் இடத்தில் தமிழ் வடிவங்கள் உட்கார்ந்திருக்கின்றன. ஜே, கே, பி, ஓ, அப்புறம் அரைப்புள்ளி, இந்த ஐந்தையும் வரிசையாகத் தட்டினால் "தமிழ்" என்று வருகிறதல்லவா, லினக்ஸிலும் அப்படியே வரும். டிஸ்க்கைக் கழற்றும் முன் விண்டோஸின் ஃபான்ட்ஸ் கோப்புறையிலிருந்து பாமினி கோப்பைப் பென் டிரைவில் எடுத்துக்கொள்ளுங்கள். மின்ட்டில் அதை இரட்டைச் சொடுக்கு செய்து இன்ஸ்டால் கொடுத்தால், வேர்டு மாதிரி மின்ட்டில் இருக்கும் லிப்ரே ஆபிஸ் ரைட்டரில் வந்துவிடும். பழைய மனுக்களும் திறக்கும்.

ஆனால் பாமினியில் அடித்ததை வாட்ஸ்அப்பில் ஒட்டினால் வெறும் ஆங்கில எழுத்துகளாகத்தான் போகும், இது விண்டோஸிலும் உள்ளதுதான். அதற்கு யூனிகோட், அதாவது எல்லாக் கருவிகளும் ஒன்றுபோல் படிக்கும் பொது எழுத்துக் குறியீடு, வேண்டும். மெனுவில் இன்புட் மெத்தட் என்று இருக்கும், அதில் தமிழுக்கு ஐபஸ், எம்17என் என்ற தட்டச்சுக் கருவிகள் இரண்டையும் நிறுவி, ஒருமுறை லாகவுட் ஆகி வாருங்கள். தமிழ்99, ஒலிபெயர்ப்பு இவற்றோடு "டைப்ரைட்டர்" தளக்கோலமும் (விசைகளின் அடுக்கு) பட்டியலில் இருக்கும். ஹையர் முடித்தவருக்கு ஒன்றிரண்டு விசை இடறினாலும் ஒரு வாரத்தில் கை பழகிவிடும். தயவுசெய்து அவரைத் தமிழ்99க்கு மாற்ற முயலாதீர்கள். நல்ல தளக்கோலம்தான், ஆனால் ஐம்பது வருட விரல் பழக்கத்தை 71 வயதில் பிடுங்குவது நியாயமில்லை.

கணக்குப்பிள்ளை

வீட்டில் வேறு யாராவது டேலி கணக்கு மென்பொருள், டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் பயன்படுத்துகிறார்களா என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். டேலிக்கு லினக்ஸ் பதிப்பு கிடையாது. பிரிண்டர் இருந்தால் அதையும் பென் டிரைவ் சோதனையிலேயே பாருங்கள். எச்பி பெரும்பாலும் எச்பிலிப் என்ற லினக்ஸ் டிரைவர் தொகுப்பு மூலம் வந்துவிடும், சில பழைய லேசர் மாடல்களுக்கு டிரைவர் தேடியே நாள் போய்விடும்.

பழைய_மாணவன்

அதே லேப்டாப்தான் எனக்கும் கிடைத்தது. அதில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது பலருக்கு நினைவில்லை. மத்திய அரசின் கணினி ஆய்வு மையமான சி-டாக், சென்னையில் டெபியன் என்ற லினக்ஸிலிருந்து உருவாக்கியது, தமிழும் அதில் இருந்தது. எங்கள் வகுப்பில் அதை யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை, முதல் மாதமே அழித்துவிட்டு அந்த இடத்தில் படங்களை ஏற்றினோம். பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர ஆள் இல்லை, அவ்வளவுதான் காரணம். அதனால் சொல்கிறேன், நிறுவிக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடாதீர்கள், முதல் வாரம் அப்பாவின் பக்கத்தில் இருங்கள். இடையில் எங்காவது முட்டினால் சென்னை ஐஎல்யுஜிசி, காஞ்சி, விழுப்புரம் லினக்ஸ் பயனர் குழுக்களில் கேட்கலாம், தமிழிலேயே பதில் கிடைக்கும்.

தாமிரபரணி_மகள்

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். எஸ்எஸ்டி போட்டாயிற்று, ராம் 4 ஆயிற்று. இப்போது அம்மா அடுப்பைப் பற்றவைப்பதற்குள் திரை வந்துவிடுகிறது. வங்கித் தளம் ஃபயர்பாக்ஸில் திறக்கிறது. பாமினியும் வந்தது, பழைய மனுக்கள் எல்லாம் திறந்தன. ஒரே ஒரு தொல்லை, அப்பா நேற்று முழுக்க இதனாலேயே வருத்தத்தில் இருந்தார். ஒரு வாக்கியம் முடித்துப் புள்ளி வைத்து அடுத்ததை ஆரம்பித்தால் முதல் எழுத்து தானாக மாறிவிடுகிறது. "அரசு" என்று அடித்தால் "ஆரசு", "உரிய" என்று அடித்தால் "ஊரிய". தன் விரல்தான் தவறுகிறது என்று நினைத்துத் திரும்பத் திரும்ப அழித்து அடித்துக்கொண்டிருந்தார், பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

எழுத்தாணி

முதலில் அப்பாவிடம் சொல்லுங்கள், அவர் விரலில் தவறே இல்லை. அவர் அடிப்பதை ஆங்கிலம் என்று நினைத்து ரைட்டர் வாக்கியத்தின் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக்குகிறது. பாமினியில் சின்ன எம் என்றால் அ, பெரிய எம் என்றால் ஆ. டூல்ஸ், ஆட்டோகரெக்ட் ஆப்ஷன்ஸ் போய், ஒவ்வொரு வாக்கியத்தின் முதல் எழுத்தையும் கேப்பிட்டல் ஆக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள். எழுத்துப்பிழை என்று அடியில் சிவப்புக் கோடு நெளிந்தால் ஷிஃப்ட் எஃப்7 தட்டுங்கள், போய்விடும்.

தாமிரபரணி_மகள்

டிக்கை எடுத்ததும் சரியாகிவிட்டது, ரொம்ப நன்றி. பிரிண்டர் எங்களிடம் இல்லை, ஜெராக்ஸ் கடைக்குத்தான் கொண்டுபோவோம். முன்பெல்லாம் அங்கே பாமினி இல்லாமல் மனு முழுக்கக் கோணல்மாணலாக வந்து, அப்பா எழுத்துருவையும் சேர்த்துக் கொண்டுபோவார். இப்போது ரைட்டரிலேயே பிடிஎஃப் ஆக்கினால் எழுத்துரு உள்ளேயே போய்விடுகிறது. இன்று காலை வடிகால் மனு ஒன்று அப்படித்தான் அச்சாகி வந்தது.