பொருள்: ஒரு தட்டு எச்சா (கூடுதலா) வர்ற மெட்டுக்குத் தமிழ்ச்சொல் வேணும்

பெருந்துறையிலிருந்து:

குழுவினர் எல்லாருக்கும் வணக்கமுங்க.

ரெண்டு மாசமா ஒரு மெட்டு என்னைப் படுத்தற பாட்டை முதலில் சொல்லிடறேன். சொல் எதுக்குன்னு அப்பத்தான் விளங்கும்.

பிடிலுக்கும் மாண்டலினுக்கும் சுருதி வைப்பு ஒண்ணுதான். தடிச்ச தந்தியிலிருந்து ஜி, டி, ஏ, இ. அதனால பிடில் மெட்டு எதுவானாலும் விரல் வைக்கிற கணக்கு மாறாமல் மாண்டலினுக்கு வந்துடும். இந்தச் சோம்பேறித்தனம்தான் என்னை அமெரிக்க மலைநாட்டுப் பிடில் பக்கம் இழுத்துட்டுப் போச்சு. தொடக்கம் ஹென்றி ரீட் என்கிற பிடில்காரர். 1884இல் பிறந்து 1968இல் மறைந்தவர், வர்ஜீனியாவில் கிளென் லின் என்கிற சிற்றூர்க்காரர். நாட்டார் இசை ஆய்வாளர் ஆலன் ஜபூர் 1966, 67இல் நேரில் போய் அவர் வாசிப்பை நாடாவில் பிடிச்சு வச்சார். அமெரிக்க நாடாளுமன்ற நூலகத் தளத்தில் 184 பதிவுகள் இருக்கு, காசில்லாமல் கேட்கலாம். (காங்கேயம் பக்கம் ஓலப்பாளையத்தில் மானிடவியலாளர் பிரெண்டா பெக் அண்ணன்மார் கதையை உடுக்கைப் பாட்டோட பதிவு செஞ்சது 1965. ஏறக்குறைய ஒரே சமயத்தில் ரெண்டு பேர் ரெண்டு மூலையில் நாடாப் பெட்டியைத் தூக்கிட்டு அலைஞ்சிருக்காங்க.)

அங்கிருந்து கிளை தாவித் தாவி, வேறொரு தொகுப்பில் ஒரு மெட்டில் மாட்டிக்கிட்டேன். பெயர் கிடையாது. ஒரு கிழவர் அடுப்படியில் உட்கார்ந்து வாசிக்கிறார், நடுவில் நாய் ஒண்ணு குரைக்குது. நாடா ஓடின வேகமோ என்னமோ, சுருதி ஏ-வுக்கும் பி-பிளாட்டுக்கும் நடுவில் தொங்குது. வேகத்தைப் பாதியாக்கிக் கேட்டதில், கீழ்த்தந்தி ரெண்டையும் ஒரு முழுச்சுரம் ஏத்தி ஏ-இ-ஏ-இ வச்சிருக்கார்னு புரிஞ்சது. பிடில்காரருக்கு முறுக்க வேண்டியது ரெண்டே தந்தி. மாண்டலினில் எல்லாம் சோடி என்பதால் நமக்கு நாலு. மூணாவதை முறுக்கும்போதே ஒண்ணு தெறிச்சுப் போச்சு, புதுசு வாங்கக் கோயமுத்தூர் போய் வந்தேன்.

விரல் பிடிபட்டுருச்சு. ஆனா காலால் தட்டிக்கிட்டே வாசிச்சா எங்கேயோ உதைக்குது. இந்த மாதிரி மெட்டுகளில் சாதாரணமா ரெண்டு பகுதி, பகுதிக்குப் 16 தட்டு. இதில் முதல் பகுதி 16, ரெண்டாம் பகுதி 17. கிழவர் தப்பு விட்டுட்டார்னுதான் நினைச்சேன். அடுத்த சுற்றிலும் 17, அதுக்கடுத்ததிலும் 17. தப்பு இப்படி நேரம் தவறாமல் வராதுங்க!

இப்படிப்பட்ட மெட்டை அவங்க 'குரூக்கட் டியூன்'ங்கறாங்க. பலரும் கேட்டிருக்கக்கூடியது ரால்ஃப் ஸ்டான்லியின் பேஞ்சோ மெட்டு 'கிளின்ச் மவுண்டன் பேக்ஸ்டெப்'. அதிலும் ரெண்டாம் பகுதியில் ஒரு தட்டு கூடுதல். கனடாவின் மேட்டீ (பழங்குடி, ஐரோப்பியர் கலந்த வழிவந்தவங்க) பிடில்காரர்களிடம் இது ஏராளம். ஆட்டத்துக்கு வாசிச்ச மெட்டுகளை ஆடறவங்க கால் நேராக்கிடும். தனியா, தன் மனசுக்கு வாசிச்சவங்களை அப்படி நேராக்க யாரும் இல்லை.

நான் தமிழில் ஒரு பயிற்சிக் குறிப்பு எழுதிட்டிருக்கேன். 'கோணல் மெட்டு'ன்னு எழுதினேன், எனக்கே பிடிக்கலை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல்னு சொன்ன கதைதான் நினைவுக்கு வருது. வேற சொல் தாங்க.

*

கோயமுத்தூரிலிருந்து:

> தமிழில் ஒரு பயிற்சிக் குறிப்பு எழுதிட்டிருக்கேன்

முதலில் ஒரு சந்தேகம். மாண்டலினில் விரல் வைக்கும் கம்பிக் கட்டைக்கு என்ன எழுதுகிறீர்கள்? வீணையில் அதற்கும் மெட்டுதான். 'பத்தாவது மெட்டில் இந்த மெட்டு' என்று வந்தால் படிப்பவர் பாவம்.

உங்கள் கேள்விக்கு: சங்கீதத்தில் ஏற்கெனவே மிஸ்ரம், சங்கீர்ணம் எல்லாம் இருக்கிறதே, புதுச்சொல் எதற்கு? இல்லாவிட்டால் அதீத எடுப்பு என்று சொல்லிவிடலாம்.

*

பெருந்துறையிலிருந்து:

அண்ணா, மெட்டு விஷயத்தில் மாட்டிக்கிட்டேன். விரல் வைக்கிறதுக்குக் 'கட்டை'ன்னு மாத்திடறேன்.

மிஸ்ரம்னா ஏழு ஏழா, சங்கீர்ணம்னா ஒம்பது ஒம்பதா கடைசிவரைக்கும் போகும். கால் ரெண்டாவது சுற்றிலேயே பழகிடும். இங்கே எல்லாம் நாலு நாலாப் போயிட்டிருக்கறப்போ ஒரே இடத்தில் மட்டும் ஒண்ணு நுழையுது. எடுப்பும் அப்படித்தான் பொருந்தலை. அதில் பாட்டு தொடங்குற இடம் தள்ளும், தாளத்தின் மொத்தக் கணக்கு மாறாது. இங்கே மாறுறதே மொத்தம்தான்.

*

கோபியிலிருந்து:

முப்பது ஆண்டுகள் யாப்பு நடத்தியவன் என்ற உரிமையில் குறுக்கிடுகிறேன். நீங்கள் தேடும் சொல் செய்யுளியலிலேயே இருக்கிறது, தம்பி. கூன்.

அளவொத்து வரும் அடியில், கணக்குக்குப் புறம்பாக ஒரு சொல் தனித்து நிற்பதைக் கூன் என்பார்கள். 'சீர்கூன் ஆதல் நேரடிக்கு உரித்தே' என்பது தொல்காப்பியம் (நேரடி என்றால் நாற்சீர் அடி). யாப்பருங்கலக் காரிகை உரையில் காட்டும் குறுந்தொகை அடியைப் பாருங்கள்:

அவரே, கேடில் விழுப்பொருள் தருமார் பாசிலை
வாடா வள்ளியங் காடிறந் தோரே

நாற்சீர் அடியில் 'அவரே' கணக்குக்கு மேல் ஐந்தாவது சீராக, முன்னால் நிற்கிறது. எடுத்துவிட்டால் அளவு சரியாகிவிடும், பாட்டு செத்துப்போகும். தோழியிடம் தலைவி பேசத் தொடங்கி, அந்த ஒரு சொல்லில் நின்று மூச்சு வாங்குவது அங்கேதான். வள்ளி கும்மி அடிக்கிற நாட்டுக்காரர்களுக்கு வாடா வள்ளி வரும் அடியே எடுத்துக்காட்டாக அமைந்தது இன்னொரு பொருத்தம்.

கூன் என்றால் வளைவும்தான். ஆங்கிலத்தில் அவர்கள் வளைவு என்கிறார்கள், நாமும் வளைவு என்கிறோம். ஆனால் நம் சொல் வளைவு எதனால் வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்கிறது. கூன் மெட்டு.

*

திருப்பூரிலிருந்து:

ஐயா, சொல் நெம்ப நல்லாருக்குங்க. ஆனா ரெண்டு இடிக்குது.

ஒண்ணு, கூன்னு சொன்னா யாப்பு தெரியாதவங்களுக்கு முதுகுதான் நினைவுக்கு வரும். எங்க அப்பாருக்கு முதுகு வளைஞ்சிருந்தது, ஊரில் அதைச் சொல்லியே கூப்பிடுவாங்க. எனக்கு அந்தச் சொல் கொஞ்சம் உறுத்துதுங்க. ரெண்டு, ஒரு தட்டு குறையற மெட்டும் இருக்குமே, 15 வந்தா அதுக்கு என்ன பேர்?

கும்மிப் பயிற்சியில் எங்க ஆசிரியர் பாட்டு வரி நீளமாப் போனா ஒரு தட்டு சேர்த்துக்குவார். 'இங்க ஒண்ணு எச்சா போடு'ம்பார். அதனால 'எச்சுத்தட்டு'ன்னு வைக்கலாமுங்களா?

*

கோயமுத்தூரிலிருந்து:

எச்சுத்தட்டு என்றால் மதுரைக்காரர் எச்சில் தட்டு என்று படிப்பார். கழுவப் போட்டுவிடுவார்.

*

கோபியிலிருந்து:

அப்பாரைப் பற்றிச் சொன்னது மனத்தில் தைத்தது, அம்மணி. கூன்பிறை என்று நிலவையும் சொல்லியிருக்கிறார்கள் என்பது மட்டுமே என் பதில். அது போதாது என்பதும் தெரிகிறது. முடிவை உங்களிடமே விடுகிறேன்.

குறைவதற்கும் யாப்பில் இடம் உண்டு. நேரிசை ஆசிரியப்பாவில் ஈற்றயலடி மூன்று சீர்தான், மற்றவை நான்கு. யாரும் அதைப் பிழை என்பதில்லை. முச்சீர் அடிக்குச் சிந்தடி என்று பெயர். ஆனால் 'சிந்து மெட்டு' என்று வைத்தால் எல்லோரும் காவடி எடுக்கக் கிளம்பிவிடுவார்கள். நேராகக் 'குறைமெட்டு' என்றே இருக்கட்டும்.

*

பெருந்துறையிலிருந்து:

ஐயா சொன்னதைப் படிச்சுட்டு மறுபடி அந்தப் பதிவைப் போட்டேன். எச்சா வர்ற அந்தத் தட்டில் கிழவர் புதுசா எதையும் வாசிக்கலை. மேல் ஏ சுரத்தில் வில்லை நிறுத்தாமல் ஒரே இழுப்பா இழுக்கிறார். 'அவரே'ன்னு நிற்கிற மாதிரியேதான். நான் இத்தனை நாள் உதைபட்டதும் அங்கேதான். வில்லுக்கு இழுக்க இழுக்க ஒலி வரும். மாண்டலினில் ஒரு தட்டுத் தட்டினால் அடுத்த தட்டு வர்றதுக்குள்ளே செத்துடும். அதனால அந்த இடம் வெறுமையாக் கிடந்து, வாசிக்க மறந்துட்ட மாதிரி கேட்டிருக்கு. இப்ப பிக்கை (தந்தியை மீட்டுற சில்லை) மேலும் கீழும் வேகமா உருட்டி அந்த ஏ-வை ரெண்டு தட்டுக்கும் நிரப்பிட்டேன். உதைக்கலை.

திருப்பூர் அம்மணி ஒத்துக்கிட்டா இப்படி எழுதறேன். மெட்டுக்குப் பெயர் கூன் மெட்டு, குறைஞ்சா குறைமெட்டு. கூடுதலா வர்ற அந்த ஒத்தைத் தட்டுக்கு எச்சுத்தட்டு, மதுரைக்காரங்க என்ன வேணா கழுவிக்கட்டும். குறிப்பில் முதல் வரி: 'இந்தக் கூன் மெட்டில் எச்சுத்தட்டு ரெண்டாம் பகுதியின் கடைசிக்கு முந்தைய வரியில் வருகிறது, அங்கே கையை எடுக்காதீர்கள்.'

பதிவை இணைச்சிருக்கேன். யாராவது எண்ணிப் பாருங்க.

*

திருப்பூரிலிருந்து:

சரிங்க, அப்பாரே கேட்டிருந்தா ஒத்துக்கிட்டிருப்பார், பாட்டுன்னா அவருக்கு உசுரு. வச்சுக்குங்க.

எண்ணினேன். முதல் தடவை 16தான் வந்துச்சு. ரெண்டாம் தடவை நாய் குரைச்சதில் விட்டுட்டேன். மூணாம் தடவை அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்து கும்மிக் கைத்தட்டு போட்டாங்க. நான் எண்ணவே இல்லை, அவங்க கை தானா ஒண்ணு எச்சா போட்டுருச்சு. 17.