ஷெர்லி டெம்பிள் சம்பாதித்த பணமெல்லாம் எங்கே போனது?

மேட்னி ரசிகை:
நேற்று ராத்திரி தூக்கம் வராமல் பழைய ஹாலிவுட் குழந்தை நட்சத்திரம் ஷெர்லி டெம்பிள் பற்றித் தேடிக்கொண்டிருந்தேன். பிரபலங்களின் சொத்து மதிப்பைப் போடுவதற்கென்றே சில தளங்கள் இருக்கின்றனவே, அதில் ஒன்று ஒரு தொகை சொல்கிறது, இன்னொன்று வேறொன்று சொல்கிறது. அமெரிக்கத் தியேட்டர்காரர்கள் 1935லிருந்து 1938 வரை நாலு வருஷம் தொடர்ந்து வசூலில் முதல் நட்சத்திரமாகத் தேர்ந்தெடுத்தது இந்தக் குழந்தையைத்தான், அந்தக் காலத்துப் பெரிய ஹீரோ கிளார்க் கேபிளே அவளுக்குப் பின்னால்தான். ஆனால் வேறொரு இடத்தில் கடைசியில் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை என்று போட்டிருந்தது. எதை நம்புவது?

பழைய ரீல்:
அந்தத் தளங்களை விட்டுவிடுங்கள், யாரோ குத்துமதிப்பாகப் போடுவதை அடுத்தவர் காப்பியடிப்பார். ஷெர்லியே 1988ல் தன் சுயசரிதையில் கணக்குச் சொல்லியிருக்கிறார். சம்பாதித்தது சுமார் 32 லட்சம் டாலர். வளர்ந்து கல்யாணமும் ஆன பிறகு அப்பாவிடம் கணக்குக் கேட்டபோது தன் பெயரில் மிச்சம் இருந்தது 44,000 டாலர். அந்தக் காலத்து டாலர் என்பதை மறக்காதீர்கள், அமெரிக்காவில் பாதிப் பேர் வேலையும் சம்பளமும் பற்றிப் பயந்துகொண்டிருந்த பொருளாதார மந்த காலம். ஃபாக்ஸ் ஸ்டுடியோவில் சேர்ந்தபோது வாரம் 150 டாலர், படங்கள் ஓட ஆரம்பித்ததும் 1934லேயே அது 1,000 ஆனது, கூட வந்து தலைமுடியைச் சுருட்டிவிட்டு வசனம் சொல்லிக்கொடுத்த அம்மாவுக்குத் தனிச் சம்பளம். போதாததற்கு ஐடியல் என்ற பொம்மைக் கம்பெனி விற்ற ஷெர்லி பொம்மையின் வருமானம்.

ஸ்டுடியோ அவர் வயதிலேயே ஒரு வருஷத்தைக் குறைத்து வைத்திருந்தது. பன்னிரண்டாவது பிறந்தநாள் என்று நினைத்துக்கொண்டிருந்த அன்றைக்குத்தான் தனக்குப் பதின்மூன்று என்று அவருக்கே தெரிந்ததாம். வயதே இந்தக் கதி என்றால் பணத்தைக் கேட்கவா வேண்டும்!

கணக்குப்பிள்ளை:
இதில் சட்டப் பக்கம் ஒன்று இருக்கிறது. சாப்ளினோடு 1921ல் நடித்த பையன் ஜாக்கி கூகன், முப்பது நாற்பது லட்சம் டாலர் சம்பாதித்திருப்பான் என்பார்கள். அப்பா கார் விபத்தில் போய்விட்டார். பிறகு அம்மாவும் மாற்றாந்தகப்பனும் பணத்தைத் தர மாட்டோம் என்றார்கள், அப்போதைய கலிபோர்னியா சட்டப்படி மைனர் பிள்ளையின் சம்பாத்தியம் பெற்றவர்களுக்குத்தான் சொந்தம். 1938ல் கேஸ் போட்டும் கூகன் கைக்கு வந்தது சுமார் 126,000 டாலர்தான். அந்தக் கூத்தைப் பார்த்துத்தான் 1939ல் குழந்தை நடிகர்களின் பணத்தைக் காக்கும் கூகன் சட்டம் வந்தது. ஆனால் ஷெர்லி உச்சத்தில் சம்பாதித்த வருஷங்கள் எல்லாம் அதற்கு முன்னாலேயே முடிந்துவிட்டன, பிற்பாடு நீதிமன்றம் தனியாகப் போடச் சொன்ன பங்கையும் அவர் அப்பா போடவில்லை. சட்டத்திலும் ஓட்டை இருந்தது, நீதிமன்றத்துக்குப் போகாத ஒப்பந்தங்களை அது தொடவே இல்லை. 2000ல்தான் சரியாகத் திருத்தினார்கள்: சம்பாத்தியம் பிள்ளைக்கே சொந்தம், அதில் 15 சதவீதம் கட்டாயமாகத் தனிக் கணக்கில்.

பழைய ரீல்:
சரிதான், ஆனால் ஷெர்லியின் அப்பாவை கூகன் வீட்டோடு ஒரே தட்டில் வைக்காதீர்கள். மனுஷன் பேங்க் வேலை பார்த்தவர். மகளின் பணத்தில் பெரிய வீடு, வேலைக்காரர்கள், கைநீட்டிய சொந்தபந்தம் எல்லாம் ஓடின, அவர் போட்ட முதலீடுகளும் கைகொடுக்கவில்லை. ஷெர்லி கோபப்படவில்லை என்று எழுதியிருக்கிறார். எனக்கு அது இன்னும் செரிக்கவில்லை, நான் என்றால் சும்மா விட்டிருக்க மாட்டேன்.

திண்ணைப் பேச்சு:
"கையில் ஒன்றும் மிஞ்சவில்லை" என்பதும் தப்பு. 22 வயதில் சினிமாவை விட்டார், அதே 1950ல் சார்லஸ் பிளாக்கைக் கட்டிக்கொண்டார், மாமனார் கலிபோர்னியாவின் பெரிய மின்சாரக் கம்பெனித் தலைவர். ஆக வசதிக்குக் குறைவில்லை, ஆனால் அது சுருட்டைமுடிக் காலத்துப் பணம் இல்லை. 1958ல் தொலைக்காட்சிக்கு வந்தார். 1967ல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸுக்கான தேர்தலில் நின்று தோற்றார், அதோடு ஓயாமல் 1969ல் ஐநாவுக்குப் பிரதிநிதி, 1974ல் கானாவுக்குத் தூதர், 1989ல் செக்கோஸ்லோவாகியாவுக்குத் தூதர். 1968ல் சோவியத் டாங்கிகள் அந்த நாட்டுத் தலைநகர் பிராகுக்குள் நுழைந்தபோது ஏதோ வேலையாக அங்கே போய் மாட்டிக்கொண்டவர், இருபது வருஷம் கழித்து அதே ஊருக்குத் தூதராகப் போய் அங்கே கம்யூனிஸ்ட் ஆட்சி விழுவதையும் பார்த்தார். யாராவது இதைப் படமாக எடுக்கலாம்.

மேட்னி ரசிகை:
எல்லாருக்கும் நன்றி. உண்மையைச் சொன்னால் நான் இதைத் தேட ஆரம்பித்ததே அக்கா மகளுக்கு ஒரு விளம்பரத்தில் நடிக்கக் கூப்பிட்டிருப்பதால்தான். நாலு வயது. அக்கா வீட்டுக்காரர் அந்தப் பணத்தில் பைக் வாங்கலாம் என்று இப்போதே ஷோரூம் போய் விலை விசாரித்துவிட்டு வந்திருக்கிறார்.

கணக்குப்பிள்ளை:
அப்படியென்றால் உங்கள் மாமாவிடம் சொல்லுங்கள், நம் நாட்டிலும் 2017லிருந்து விதி இருக்கிறது. குழந்தை நடிப்பதற்கு மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும், ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, வருமானத்தில் குறைந்தது 20 சதவீதம் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் குழந்தை பெயரில் ஃபிக்ஸட் டெபாசிட்டாகப் போட வேண்டும், அதுவும் படம் எடுப்பவரே நேராகப் போட வேண்டும். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னாலேயே அந்த டெபாசிட் ரசீது எப்போது வரும் என்று கேளுங்கள்.

மேட்னி ரசிகை:
இதை அப்படியே ஸ்கிரீன்ஷாட் எடுத்து அக்காவுக்கு அனுப்பிவிட்டேன். மாமாவுக்கு அனுப்பவில்லை.