பெரியப்பா பகிர்ந்த வீடியோ

அக்கா: பெரியப்பா, நேற்று நீங்கள் போட்ட ஃபாக்ஸ் நியூஸ் வீடியோவில் பேசுபவர் யார்? தலை மட்டும்தான் திரும்புகிறது, கை அசையவே இல்லை.

பெரியப்பா: டாக்டர் கண்ணுக்குத் தப்புமா! சார்லஸ் க்ரௌட்ஹாமர். அமெரிக்காவின் வாஷிங்டன் போஸ்ட் நாளிதழில் 30 வருடத்துக்கு மேல் வாராவாரம் பத்தி எழுதியவர். மேசைக்குப் பின்னால் இருப்பதால் சக்கர நாற்காலி பல நேயர்களுக்குத் தெரியாது. அவரும் அதைப் பெரிதாகப் பேசியதில்லை. அவரும் உன்னைப் போல டாக்டர்தான்.

அக்கா: அடிபட்டது எப்போது?

பெரியப்பா: 1972. ஹார்வர்டில் மருத்துவம் முதல் வருடம், வயது 22. நீச்சல் குளத்தில் தலைகீழாகக் குதித்தபோது கழுத்தில் தண்டுவடம் போய்விட்டது. குளக்கரையில் அவர் வைத்திருந்த இரண்டு புத்தகங்களில் ஒன்று தண்டுவடத்தின் அமைப்பைப் பற்றியது.

அக்கா: அய்யோ.

பெரியப்பா: 14 மாதம் ஆஸ்பத்திரி. வகுப்பை விட்டுப் பின்தங்க மாட்டேன் என்றார். ஹெர்மன் லிஸ்கோ என்ற பேராசிரியர்தான் மற்ற ஆசிரியர்களைக் கட்டிலுக்கே வரவழைத்துப் பாடம் நடத்த வைத்தார். மல்லாந்தே கிடந்ததால் ஸ்லைடுகளைக் கூரையில் காட்டினார்கள். 1975இல் தன் வகுப்போடு சேர்ந்தே பட்டம் வாங்கினார்.

தம்பி: அப்புறம் எப்படிப் பத்திரிகைக்காரர் ஆனார்? அதுவும் கன்சர்வேட்டிவ், அதாவது பழமைவாதப் பக்கம்?

பெரியப்பா: சுற்றி வளைத்து வந்தார். பாஸ்டனில் மனநல மருத்துவர். 1978இல் கார்ட்டர் அரசின் மனநல ஆராய்ச்சித் திட்ட வேலைக்காக வாஷிங்டன் போனார். அங்கேதான் நியூ ரிபப்ளிக் என்ற லிபரல் (தாராளவாத) இதழுக்கு எழுத ஆரம்பித்தார். 1980இல் துணை ஜனாதிபதி மாண்டேலுக்கு உரை எழுதித் தந்தார். ஜனநாயகக் கட்சிக்காரர்! அந்தத் தேர்தலில் கார்ட்டர்-மாண்டேல் அணிக்குத் தோல்வி. வென்ற குடியரசுக் கட்சியின் ரீகன் ஜனாதிபதியாகப் பதவியேற்ற அதே நாள் நியூ ரிபப்ளிக்கில் வேலைக்குச் சேர்ந்தார்.

தம்பி: பிறகு ரீகன் பக்கமே போய்விட்டாரா?

பெரியப்பா: முதலில் வெளியுறவில். சோவியத் ஆதரவு அரசுகளை எதிர்த்துப் போராடுபவர்களுக்கு அமெரிக்கா வெளிப்படையாக உதவும் கொள்கைக்கு 'ரீகன் கோட்பாடு' என்று பெயர் வைத்தவரே அவர்தான், 1985இல் டைம் இதழில். 1987இல் பத்திரிகைத் துறையின் பெரிய விருதான புலிட்சர் பரிசு. உள்நாட்டு விஷயங்களில் மனம் மாறக் கொஞ்ச காலம் பிடித்தது. அரசின் நலத்திட்டங்கள் ஏழைகளுக்குக் கெடுதலே செய்கின்றன என்ற ஆய்வுகளைப் படித்தாராம். மருந்து நோயாளியைக் கொன்றால் டாக்டர் மருந்தை நிறுத்த வேண்டாமா என்பது அவர் வாதம். அந்த முடிவை நான் முழுக்க ஏற்கவில்லை. ஆனால் கட்சியை விட்டு ஆதாரத்தின் பின்னால் போனாரே, அதற்காகவே படிப்பேன்.

அத்தை: அண்ணா, ஈராக் போரை ஆதரித்தவர்தானே அவர்? அதைச் சொல்லாமல் விடலாமா?

பெரியப்பா: சரியாகக் கேட்டாய். 2003இல் பலமாக ஆதரித்தார். மருந்தை நிறுத்தலாமா என்ற கேள்வியை அங்கே அவர் போதுமான அளவு கேட்கவில்லை. எனக்கு இன்னும் ஆறாத விஷயம் அது.

அத்தை: ட்ரம்ப்?

பெரியப்பா: கடுமையாக விமர்சித்தார். 2016இல் ட்ரம்ப், ஹிலாரி இருவருக்குமே ஓட்டு இல்லை என்றார். 2018 ஜூன் 8 அன்று, இன்னும் சில வாரங்கள்தான் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டதாக வாசகர்களுக்குக் கடிதம் எழுதினார். வருத்தம் எதுவும் இல்லாமல் போகிறேன் என்று முடித்திருந்தார். 21ஆம் தேதி போய்விட்டார். வயது 68.

அக்கா: பெரியப்பா, கூரையில் பாடம் காட்டியதைப் பற்றி ஏதாவது இருந்தால் அனுப்புங்கள். எங்கள் வார்டில் ஒரு பையன் மல்லாந்தபடியே கிடக்கிறான், ப்ளஸ் டூ. புத்தகத்தைப் பிடித்துக்கொள்ள ஆள் இல்லை. ஒரு பழைய புரொஜெக்டர் கிடைக்குமா என்றும் விசாரிக்க வேண்டும்.

தம்பி: எங்கள் ஆபீஸ் ஸ்டோர் ரூமில் ஒன்று சும்மா கிடக்கிறது. காலையில் கேட்டுச் சொல்கிறேன்.